செம்புச் சத்து மாத்திரை வாங்கும் முன்: எந்த வடிவம், எவ்வளவு, யாருக்கு ஆகாது

"அண்ணே, காப்பர் மாத்திரை இருக்கா? நல்லதா பார்த்து ஒண்ணு குடுங்க."

மருந்துக்கடையில் நின்று பழகிய எனக்கே இந்தக் கேள்வி கொஞ்சம் புதிதுதான். இரும்புச் சத்து கேட்பார்கள், கால்சியம் கேட்பார்கள். செம்பை யாரும் பேர் சொல்லிக் கேட்டதில்லை. வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. கையிலிருந்த போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. செம்பு குறைந்தால்தான் முடி நரைக்கிறது, இன்ன வடிவத்தில் வாங்கினால்தான் உடம்பில் ஒட்டும் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜிங்க் ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. கொரோனா சமயத்துல எழுதிக் குடுத்தாங்க, ஜிங்க் ஐம்பது. நல்லதுதானேன்னு அப்படியே போட்டுக்கிட்டிருக்கேன்."

அன்றைக்கு நான் அவருக்குச் செம்பு மாத்திரை விற்கவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்த வடிவம் பாதுகாப்பானது என்ற கேள்விக்கும் பதில் உண்டு, அதற்கும் வருவோம். ஆனால் அது மூன்றாவது கேள்வி. உங்களுக்குச் செம்பு உண்மையிலேயே குறைவா, குறைவென்றால் எதனால் என்ற இரண்டும் அதற்கு முன்னால் நிற்கின்றன. நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. சீட்டு எழுதுவது என் வேலையில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. முதலில், குறைவு இருக்க வாய்ப்புண்டா என்று பாருங்கள்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்தச் செம்பே 50 முதல் 120 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்குத் தேவைப்படுவது, அமெரிக்கக் கணக்குப்படி, 900 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணிகளுக்கு 1,000, பாலூட்டும் தாய்மார்களுக்கு 1,300 மைக்ரோகிராம்.

அளவு சிறிதுதான், ஆனால் வேலை பெரிது. 1928-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜெம் ஆகியோர் எலிகளுக்கு வெறும் பாலை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. இரும்பு கொடுத்தார்கள், சரியாகவில்லை. ஈரலை எரித்த சாம்பலைச் சேர்த்ததும் இரத்தம் ஊறியது. சாம்பலில் இருந்தது என்ன என்று தேடிப்போனால், செம்பு. இரும்பை உடம்பு எடுத்துப் புழங்கவே செம்பு துணை நிற்க வேண்டும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத சிலருக்கு மருத்துவர்கள் செம்பையும் சோதித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, இந்த ஒரு மில்லிகிராம் நம் சாப்பாட்டில் கிடைக்காதா? நன்றாகவே கிடைக்கும். நூறு கிராம் எள்ளில் சுமார் 4 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுப்பொடி ஒரு மேசைக்கரண்டி என்றால் அதிலேயே அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வந்துவிடும். ஒரு கைப்பிடி முந்திரி, அதாவது 28 கிராம், 600 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தரும். கொண்டைக்கடலைச் சுண்டல் அரை கப்பில் கிட்டத்தட்ட 290. தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கிலும் உண்டு, காளானிலும் உண்டு. ஈரல் சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்: சமைத்த மாட்டு ஈரல் 85 கிராமில் 12 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பருப்பும் பயறும் கடலையும் புழங்குகிற வீட்டில் உணவால் மட்டும் செம்புக் குறைவு வருவது அபூர்வம்.

அப்படியானால் யாருக்குக் குறைகிறது? பெரும்பாலும் இவர்களுக்கு: உடல் எடையைக் குறைக்க இரைப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் (குறிப்பாக, குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் முறையில்), வேறு காரணத்துக்காக இரைப்பையை வெட்டி எடுத்தவர்கள், கோதுமையிலுள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் உள்ளவர்கள், இரத்தநாளம் வழியே மட்டும் நீண்டகாலம் ஊட்டச்சத்து பெறுகிறவர்கள். அப்புறம், நம் கடைக்கு வந்தவரைப் போல மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதிக அளவு ஜிங்க் சாப்பிடுகிறவர்கள்.

குறைந்தால் என்ன தெரியும்? இரத்தசோகை. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் குறைவது. காலில் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், கண்ணை மூடினால் நிற்க முடியாமை. கடைசியில் சொன்னவை பி12 குறைவின் அறிகுறிகளை அப்படியே அச்சடித்தது போல இருக்கும். பி12 ஊசி போட்டும் நடை தேறவில்லையென்றால், செம்பையும் பார்த்துவிடலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை தொடங்கினால் இரத்த அணுக்கள் சில வாரங்களில் தேறிவிடும். நரம்புக்கு நேர்ந்த சேதம் முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. தாமதிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

நரை விஷயத்தையும் முடித்துவிடுவோம். முடிக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குச் செம்பு தேவை, அது உண்மை. கடுமையான குறைவில் நிறம் மங்கும், அதுவும் உண்மை. ஆனால் நாற்பதில் எட்டிப் பார்க்கிற சாதாரண நரைக்கு வயதும் பரம்பரையும் பொறுப்பு. செம்பு நிறைய இருக்கிற உடம்பில் இன்னும் கொஞ்சம் செம்பைக் கொட்டினால் முடி கருக்காது.

2. தொடவே கூடாதவர்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. 1912-இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்தது. ஏடிபி7பி என்ற மரபணுவில் கோளாறு இருப்பதால், ஈரல் செம்பைப் பித்தநீரில் கழித்து வெளியேற்ற முடியாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். முதலில் ஈரல் கெடும், பிறகு மூளை. கை நடுக்கம், பேச்சுக் குழறல், குணமாற்றம் எனத் தொடங்கலாம். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியலாம். சுமார் முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும். கூடப் பிறந்த ஒருவருக்கு வில்சன் நோய் என்று தெரிந்தால், மற்றவர்களும் சோதித்துக்கொள்ளாமல் செம்பு மாத்திரை பக்கமே போகக் கூடாது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வில்சன் நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தால் செம்பு பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும்! இரத்தத்தில் ஓடும் செம்பில் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். அந்த நோயில் அது குறைந்துவிடுவதால் மொத்தக் கணக்கும் குறைகிறது. ஈரலுக்குள் மட்டும் செம்பு குவிந்து கிடக்கும். லேப் தாளில் 'காப்பர் குறைவு' என்று பார்த்ததும் கடைக்கு ஓடிவந்து மாத்திரை வாங்குவது, நெருப்பைப் பார்த்துவிட்டு எண்ணெயை எடுத்துவருவது போல ஆகிவிடக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்ட மருத்துவர் பார்ப்பவற்றில் முக்கியமானது 24 மணிநேரச் சிறுநீரில் வெளியேறும் செம்பு. வில்சன் நோயில் அது கூடும். உண்மையான குறைவில் அது குறையும்.

பித்தநீர் ஓட்டம் தடைபட்ட ஈரல் நோய் உள்ளவர்களும் விலகியிருக்க வேண்டும். செம்பு வெளியேறும் வாசலே அதுதான்.

குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளையும் தளிர்நடைப் பிள்ளைகளையும் பறித்துக்கொண்டுபோன ஒரு கல்லீரல் சுருக்க நோய் இருந்தது. இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்கம் என்றே அதற்குப் பெயர். 1980-களில் புனேயில் பண்டிட், டானர் முதலிய மருத்துவர்கள் துருவிப் பார்த்தபோது, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பால்மீது சந்தேகம் விழுந்தது. பாலில் உள்ள கேசின் புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பால்தான் பிஞ்சு ஈரலுக்குப் போயிருக்கிறது. எவர்சில்வர் வந்து, வழக்கம் மாறி, நோய் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலும் இதே போன்ற நோயில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இறந்த பதிவு உண்டு. அங்கேயும் செம்புப் பாத்திரம்தான், பால்தான். தெருவில் "ஈயம் பூசறதே..." என்று கூவிக்கொண்டு வந்தவர்கள் நம் பாட்டிமார்களுக்கு எவ்வளவு வேண்டியவர்கள் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

3. சோதனை

சீரம் காப்பர் (இரத்தத்தில் உள்ள செம்பின் அளவு), செருலோபிளாஸ்மின் இரண்டும் சேர்ந்தே வேண்டும். சீரம் காப்பருக்கு வழக்கமான வரம்பு ஒரு டெசிலிட்டருக்கு 70 முதல் 140 மைக்ரோகிராம் வரை. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், உங்கள் தாளில் போட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், தொற்று, மூட்டுவாத அழற்சி ஏதாவது இருக்கும் நேரத்தில் செருலோபிளாஸ்மின் தானாக ஏறும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஏறும். அப்போது சோதித்தால் உண்மையான குறைவு மறைந்துவிடும். உடம்பு சரியான பிறகு சோதனைக்கு இரத்தம் கொடுங்கள், சாப்பிடுகிற மாத்திரைகளை லேபில் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தலைமுடியை வெட்டி அனுப்பினால் சத்துக் கணக்கு சொல்கிறோம் என்கிற சோதனைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். கிணற்றுநீர், ஷாம்பு, சாயம் எல்லாம் முடியில் ஏறி நிற்கும்.

4. ஜிங்க் சாப்பிடுகிறீர்களா? அதை முதலில் தீருங்கள்

ஜிங்க் அதிகமாக உள்ளே போனால், சிறுகுடலின் உட்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறையச் செய்துகொள்ளும். அந்தப் புரதத்துக்கு ஜிங்கைவிடச் செம்பின்மீது பிரியம் அதிகம். சாப்பாட்டிலிருந்து வரும் செம்பைப் பிடித்துச் செல்லுக்குள்ளேயே கட்டிவைத்துவிடும். சில நாட்களில் அந்தச் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். வில்சன் நோய்க்கு ஜிங்க் அசிடேட்டை மருந்தாகவே கொடுப்பது இந்தத் தந்திரத்தை வைத்துத்தான்.

அமெரிக்க வரம்புப்படி வளர்ந்தவர்களுக்கு ஜிங்கின் உச்ச அளவு நாளைக்கு 40 மில்லிகிராம். கொரோனா காலத்தில் நம் ஊரில் பரவலாக எழுதப்பட்டது 50. ஒன்றிரண்டு வாரத்துக்குப் பரவாயில்லை. பலர் அதை நிறுத்தவே மறந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது 10 முதல் 14 நாள் வரை கொடுக்கும் ஜிங்க் வேறு கதை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

"ஜிங்க் காலையில, காப்பர் ராத்திரியில போட்டா சரியாயிடாதா?" என்று கேட்பார்கள். நேரத்தைத் தள்ளிவைப்பது ஓரளவுக்கு உதவும், அவ்வளவுதான். மெட்டலோதயோனின் குடல் செல்லில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். காரணம் ஜிங்க் என்றால் வைத்தியம் ஜிங்கைக் குறைப்பது. மேலே செம்பைக் கொட்டிச் சமன்செய்யப் பார்ப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற வேலை.

கண் மருத்துவர் கொடுக்கும் மாத்திரை மட்டும் விதிவிலக்கு. வயதானவர்களின் விழித்திரைச் சிதைவுக்காக அமெரிக்காவில் நடந்த ஏரெட்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. அந்தக் கலவையில் ஜிங்க் 80 மில்லிகிராம். இவ்வளவு ஜிங்க் செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று முன்பே யோசித்து, 2 மில்லிகிராம் செம்பையும் கூடவே வைத்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். அதற்கு மேல் இன்னொரு ஜிங்க் அட்டையைச் சேர்க்கவும் வேண்டாம்.

5. இப்போது வடிவம்

குறைவு உறுதியாகிவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது, மருத்துவரும் சாப்பிடச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவைத் திருப்பினால் என்னென்ன பெயர்கள் இருக்கும்?

காப்பர் குளுக்கோனேட். என்னைக் கேட்டால் முதலில் கைநீட்ட வேண்டியது இதற்குத்தான். நன்றாகக் கரையும், உடம்பில் சேரும், வயிற்றை அதிகம் புரட்டாது. நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருப்பதால் அதன் குணம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கம் 2016-இல் தந்த வழிகாட்டுதலிலும் குளுக்கோனேட் அல்லது சல்பேட் என்றுதான் இருக்கிறது. புதுப்பெயர்களுக்கு இல்லாத பெரிய தகுதி இந்தப் பழகிய தன்மைதான்.

காப்பர் சல்பேட். இதுவும் நன்றாகச் சேரும். ஆனால் வயிற்றுக்குக் கொஞ்சம் முரடு, குமட்டல் வரலாம். பெயரைக் கேட்டதும் பலருக்குத் திக்கென்று இருக்கும், நியாயம்தான். நம் நாட்டு மருந்துக்கடையில் மயில்துத்தம் என்றும், விவசாயிகளிடம் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்கிற நீலக்கல் என்றும் தெரிந்த அதே வேதிப்பொருள். மாத்திரையில் இருப்பது மருந்துத் தரத்தில் சுத்திகரிக்கப்பட்டது, சில மில்லிகிராம் அளவில் எடைபோட்டு அடைத்தது. தோட்டத்துக்கு வாங்கிய நீலக்கல்லைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அது எந்த வீடியோவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அதில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதும் தெரியாது, ஒரு சொட்டில் எவ்வளவு போகிறது என்பதும் தெரியாது. கொஞ்சம் மிஞ்சினாலும் வாந்தி, வயிற்றுவலி, இன்னும் மிஞ்சினால் இரத்த அணுக்கள் உடைவது, சிறுநீரகம் பழுதாவது என்று உயிருக்கே வந்துவிடும்.

காப்பர் பைகிளைசினேட். கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு செம்பைக் கட்டியது. 'கீலேட்' என்று பெரிதாகப் போட்டு விலையையும் கூட்டி வைத்திருப்பார்கள். வயிற்றுக்கு இதமானது, சேர்மானமும் நன்று. மோசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குளுக்கோனேட் ஒத்துக்கொள்கிற ஒருவர் இதற்காக இரண்டு மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் என் கருத்து. குளுக்கோனேட் குமட்டினால் மாறிப் பாருங்கள். சிட்ரேட்டுக்கும் ஏறக்குறைய இதே பேச்சுதான்.

குப்ரிக் ஆக்சைடு. இதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். நஞ்சு என்பதால் இல்லை, உடம்பில் சேர்வதே அரிது என்பதால். இலினாய் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் 1999-இல், கால்நடைக்கும் சரி, மனிதருக்கும் சரி, செம்புக்காக இதைக் கொடுக்கவே கூடாது என்று வெளிப்படையாக எழுதினார். கோழிகளிலும் பன்றிகளிலும் சோதித்தபோது இதிலிருந்து செம்பு கிட்டத்தட்டக் கிடைக்கவே இல்லை. அப்படியிருந்தும் எத்தனையோ மல்டிவிட்டமின்களில் இன்றும் இதுதான். எடையில் எண்பது சதவீதம் செம்பாக இருப்பதால் மாத்திரைக்குள் இடத்தை அடைக்காது, அட்டையில் எண்ணும் அழகாக நிற்கும். முன்பு சொன்ன ஏரெட்ஸ் கலவையிலும் வைத்தது இதைத்தான் என்பது வேடிக்கை. பேர் தெரிந்த பெரிய கம்பெனி என்பதற்காக வடிவத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

'காப்பர் ஒன்று' என்று ஒரு சரக்கும் வெளிநாட்டு இணையக் கடைகளில் ஓடுகிறது. செம்பு அயனிக்கு இரண்டு நிலை உண்டு. உணவில் பெரும்பாலும் இரண்டாம் நிலை. முதல் நிலையில் இருப்பதுதான் உடம்புக்கு இசைவானது, மற்றது நச்சு என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. குடல் செல்லின் வாசலில் இருக்கும் கடத்தி முதல் நிலைச் செம்பைத்தான் உள்ளே விடும். ஆனால் அந்த வாசலிலேயே இரண்டாம் நிலையை முதல் நிலையாக மாற்றும் நொதிகளும் நிற்கின்றன. எள்ளும் முந்திரியும் சாப்பிட்டு நாம் எல்லாரும் நடமாடுவதே அந்த நொதிகளை நம்பித்தான். வாசலில் இலவசமாக நடக்கும் வேலைக்குக் கூலி கொடுப்பானேன்?

நானோ செம்பு, கூழ்மச் செம்பு என்று நீலமும் பழுப்புமாகச் சின்னச் சின்னப் பாட்டிலில் வருபவை வேண்டாம். அளவும் நிச்சயமில்லை, நீண்டகாலப் பாதுகாப்பும் நிச்சயமில்லை.

தாமிர பற்பம், தாமிரச் செந்தூரம் பற்றியும் கேட்கிறார்கள். அவை சித்த மருத்துவத்தில் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட அனுபானத்தோடு (மருந்தோடு சேர்த்துத் தரும் துணைப்பொருள்), படித்த வைத்தியர் கையால் தரப்படும் மருந்துகள். சத்து மாத்திரை இல்லை. சரியாகச் சுத்தி செய்யாத செம்பு தீங்கு என்பதை அந்த மருத்துவ மரபே வற்புறுத்திச் சொல்கிறது. கடையில் டப்பாவைப் பார்த்து நீங்களே எடுத்துக்கொள்ளும் பொருளாக அதை நினைக்காதீர்கள்.

6. அட்டையில் உள்ள எண்ணைப் படிப்பது

கடையில் பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். 'காப்பர் குளுக்கோனேட் 14 மில்லிகிராம்' என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் செம்பு 14 மில்லிகிராம் இல்லை, சுமார் 2 மில்லிகிராம்தான். மீதி குளுக்கோனேட்டின் எடை. செம்பின் பங்கு குளுக்கோனேட்டில் 14 சதவீதம், நீர் சேர்ந்த சல்பேட்டில் 25, பைகிளைசினேட்டில் 30, ஆக்சைடில் 80. ஆகவே 2 மில்லிகிராம் செம்புக்கு குளுக்கோனேட் என்றால் 14, சல்பேட் என்றால் 8, பைகிளைசினேட் என்றால் 7-க்கு அருகில், ஆக்சைடு என்றால் இரண்டரை மில்லிகிராம் போட்டிருப்பார்கள். நல்ல தயாரிப்பாளர் 'எலிமென்டல் காப்பர்' இவ்வளவு என்று தனியாகச் சொல்லிவிடுவார். அது சொல்லப்படாமல் உப்பின் எடை மட்டும் இருந்தால், எது எது என்று குழம்பிக்கொண்டிருக்காமல் அந்த டப்பாவை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் மாற்றிப் படித்துவிடாதீர்கள், ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

எவ்வளவு போதும்? பொதுவாக 1 அல்லது 2 மில்லிகிராம் மாத்திரையே போதுமானது. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு நாளைக்கு 2, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் முறையில் செய்தவர்களுக்கு 1 என்பது மேலே சொன்ன வழிகாட்டுதல். ஜிங்கும் சாப்பிட்டால், 8 முதல் 15 மில்லிகிராம் ஜிங்குக்கு 1 மில்லிகிராம் செம்பு என்ற விகிதத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். குறைவு உறுதியானவர்களுக்கு மருத்துவர் இதைவிடக் கூடுதலாக எழுதலாம், கடுமையென்றால் இரத்தநாளம் வழியே ஏற்றலாம். அது அவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

மேல் வரம்பாக அமெரிக்கர்கள் 10 மில்லிகிராம் என்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 5 என்கிறது. இரண்டும் சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் சேர்த்த கணக்கு. நான் 5-ஐத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த மேல் வரம்பு வெறும் 1 மில்லிகிராம். மாத்திரை டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேறு காரணம் வேண்டுமா? இன்னொன்று, அளவு ஏற ஏறக் குடல் எடுத்துக்கொள்ளும் பங்கு இறங்கும். ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாக வரும்போது பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் குடல், ஐந்துக்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. பெரிய மாத்திரை வாங்கி என்ன பயன்?

7. டப்பாவின் மற்ற பக்கங்கள்

உணவுச் சத்து வகையில் விற்பது என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வாசகமும் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம் எழுதச் சொல்வது அது. நோயைத் தீர்க்கும் என்று எழுதியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மல்டிவிட்டமின், முடிக்கு, எலும்புக்கு என்று வாங்கிவைத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் செம்பும் ஜிங்கும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். நான் இப்படிக் கூட்டச் சொன்ன பலரிடமும் செம்பு மூன்று டப்பாக்களில் இருந்திருக்கிறது. ஜிங்க் நான்கில்!

8. சாப்பிடும் விதமும் நிறுத்தும் நேரமும்

வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். இரும்பு, ஜிங்க் மாத்திரைகளிலிருந்து இரண்டு மணிநேரமாவது தள்ளி வையுங்கள். வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் சாப்பிடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் செம்பின் வேலையில் குறுக்கிடக்கூடும். பெனிசிலமைன் சாப்பிடுகிறவர்கள் தாங்களாகச் செம்பு சேர்க்கவே கூடாது. செம்பை வெளியேற்றத்தான் அந்த மருந்தைப் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வாயில் உலோகச் சுவை, விடாத குமட்டல், வயிற்றுவலி, பேதி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நீலம் அல்லது பச்சை நிறத்தில் வாந்தி, கருத்த சிறுநீர், கண் மஞ்சளானால் போன் செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு.

ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டிய மாத்திரை இது இல்லை, இரைப்பை, குடல் அறுவைசிகிச்சை செய்தவர்களைத் தவிர. தொடங்கும்போதே எப்போது மறுபடி சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் தேதி கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஜிங்க் ஐம்பதை எழுதியபோது யாரும் அப்படி ஒரு தேதி கேட்கவில்லை.

செம்புக் குடத்துத் தண்ணீர்

இதை விட்டால் பின்னால் யாராவது கேட்பீர்கள். பெங்களூருவில் நடந்த ஒரு சோதனையில், செம்புப் பானையில் 16 மணிநேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் மாண்டுபோயின. லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில்தான் செம்பு இறங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆகவே ராத்திரி ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பதில் ஆரோக்கியமானவர்களுக்குப் பயமில்லை. வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் அதையும் விட வேண்டும். பிரச்சினை, அதே பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து ஊற்றுவதும், மோர் எடுத்துப்போவதும். புளிப்பு பட்டால் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் ஊற்றாதீர்கள். புளி போட்டுத் துலக்கியதும் பளபளப்பது ஏன் என்று யோசித்தால், மோரை ஏன் ஊற்றக் கூடாது என்பது தானாக விளங்கும்.

அன்றைக்கு வந்தவர் ஜிங்கை நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்த்து, இரண்டு சோதனையும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வந்தார். செம்பு வரம்புக்குள்தான் இருந்தது, கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினாராம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நரைக்கு என்னண்ணே பண்றது?" என்று கேட்டார்.

கருப்பு ஹேர் டை ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.